கழுத்து லேபிள்

மார்ச் 2

இருமல்: காலையில் இரண்டு தரம். சாயங்காலம் இல்லை. காய்ச்சல் இல்லை. மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கினார், மூச்சு வாங்கவில்லை.

இந்த டைரி இதற்காகத்தான் வாங்கியது. போன ஆவணியில் என் வீட்டுக்காரருக்கு நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தினமும் எழுதிவைக்கச் சொன்னார். இருபத்தாறு வருஷம் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்து, பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு அது. "நடக்கலாம். மெதுவா மலைகூட ஏறலாம். ஆனா நனையக் கூடாது, குளிர்ல நடுங்கக் கூடாது. இன்னொரு தரம் வந்தா தாங்க மாட்டார்" என்றார். இருமலை எழுத உட்கார்ந்தால் கை அதோடு நிற்பதில்லை. பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் பத்தொன்பது வருஷமாகக் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் மட்டும் சும்மா இருப்பேனா.

இன்றைக்குக் குழந்தைவேலண்ணன் வந்திருந்தார். இவரோடு ஒரே லைனில் தைத்த சிநேகிதர். பெயர்தான் குழந்தை, ஆள் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. மாதம் முடிவதற்குள் கொடைக்கானலுக்கு மேலே மேல்மலைக்கு மூன்று நாள் நடைப் பயணமாம். கூட்டிப்போகிறவர் இருதயராஜ் வாத்தியார். ரிட்டயர் ஆனவர், வருஷத்துக்கு நாலு மலை ஏறுகிறவர்.

"மச்சான் மெதுவா வரட்டுமுங்க அம்மணி. நா பொறத்தாலயே வருவனுங்க" என்றார் குழந்தைவேலண்ணன்.

இவர் என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். போக வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

மார்ச் 4

இருமல்: ஒரு தரம்.

வாத்தியார் வீட்டுக்கே வந்து என்னென்ன உடுப்பு, என்னென்ன சாமான் என்று பட்டியல் கொடுத்தார். முதல் வரியிலேயே சண்டை. "பருத்தி பனியன் கூடாது" என்று எழுதியிருக்கிறது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

"பருத்தி ஈரத்தைக் குடிச்சுட்டு விடாதும்மா. வேர்வையில நனைஞ்ச பனியனோட காத்துல நின்னா உடம்புச் சூடு பூராவும் போயிரும். நடேசனைப் பாலியஸ்டர் போடச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல காஞ்சுரும்" என்றார்.

மற்றவை: உள்ளே மெல்லிசாக ஒன்று, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. ஒரே தடிச் சட்டையாகப் போடாமல் மூன்றாகப் போட்டால் வெயிலுக்குக் கழற்றலாம், குளிருக்குப் போடலாம். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. காது மூடும் குல்லா. அடியில் பல் உள்ள ஷூ. மாற்று உடுப்பு ஒரு செட், பிளாஸ்டிக் பையில் முடிந்து, பையின் அடியில். அதை ராத்தங்கும் இடத்துக்குப் போகும்வரை தொடக் கூடாது.

"பங்குனி மாச மலையை நம்பக் கூடாதும்மா. காலைல சட்டையைக் கழட்டச் சொல்லும், மத்தியானம் ஆலங்கட்டி போடும். மத்த மாசம்னா மழைக்காலம்னு தெரிஞ்சு போவோம். இது சொல்லாம வரும்" என்றார். அவருக்குச் சொந்தக் கோட்டு இருக்கிறது. இவர்கள் இரண்டு பேருக்கும்தான் வேண்டும்.

மார்ச் 7

இருமல்: இல்லை.

கம்பெனியில் மிஞ்சின பாலியஸ்டர் டீ ஷர்ட் இரண்டு கொண்டுவந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "உடம்புல ஏதோ வழுக்குது புள்ள" என்றார். வழுக்கட்டும்.

கோட்டுக்குத்தான் வழியில்லை. பைக்கில் போடுகிற ரெயின்கோட்டை எடுத்துக்கொள்கிறேன் என்றார். வாத்தியாரிடம் போன் போட்டுக் கேட்டேன். அதில் காற்றே போகாது, ஏறும்போது வேர்த்து உள்ளேயே நனைந்துவிடுவார் என்றார். கோயம்புத்தூர் கடையில் கேட்டால், மழைக்கோட்டு எல்லாம் ஜூனில்தான் வருமாம். ஆன்லைனில் போட்டால் ஏப்ரல் இரண்டாம் தேதி வரும் என்கிறது. அதற்குள் இவர்கள் போய்த் திரும்பியிருப்பார்கள்.

மார்ச் 10

இருமல்: இல்லை. ஷூ வாங்கியாயிற்று. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறார், டைல்ஸ் பூராவும் தடம்.

மார்ச் 13

இருமல்: இல்லை.

தேடிய கோட்டு காலடியிலேயே கிடந்தது. எங்கள் கம்பெனி இந்த வருஷம்தான் முதல் தடவையாக மழைக்கோட்டு ஆர்டர் எடுத்தது. அதில் ஒரு லாட்டை நானே ரிஜெக்ட் செய்தேன். தையலின் உள்பக்கம் தண்ணீர் இறங்காமல் இருக்கச் சூடு வைத்து டேப் ஒட்டுவார்கள், அது பல பீஸில் சரியாகப் பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்தில் எல்லாம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினேன். குற்றம் எங்கே என்று காட்டுகிற சின்ன அம்பு. எங்கள் தொழிலில் அதுதான் பேனா.

சில பீஸ்கள் நன்றாகவே இருந்தன. மானேஜரிடம் கேட்டு, அம்பு இல்லாததாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். இவருக்கு எல், குழந்தைவேலண்ணனுக்கு எக்ஸ்எல். சாம்பல் நிறம், உள்ளே வலைத்துணி, நல்ல கோட்டு. போனில் குழந்தைவேலண்ணனிடம் சொன்னேன். "நீங்க பாத்த துணின்னா கண்ண மூடிட்டுப் போடலாமுங்க" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று ஏன் எழுத வேண்டும்.

மார்ச் 15

இருமல்: இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கறிக்கடைக்குப் போன நேரத்தில் பாத்ரூமில் இரண்டு கோட்டையும் சோதித்தேன். உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து, மேலே சொம்பு சொம்பாகத் தண்ணீர். எக்ஸ்எல் பத்துச் சொம்பு தாங்கியது, காகிதத்தில் ஒரு பொட்டு இல்லை.

எல் கோட்டின் வலது தோளில் மூன்றாவது சொம்பிலேயே காகிதம் கறுத்தது. விரலை வைத்து அழுத்தினால் டேப் தோல் உரிகிற மாதிரி எழும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத குற்றம், மேசையில் எனக்குத் தப்பியிருக்கிறது. பழக்கத்தில் பையிலிருந்து ஒரு அம்பை எடுத்துத் தோளில் ஒட்டினேன்.

மார்ச் 16

வேறு எல் எடுக்கலாம் என்று காலையிலேயே ஸ்டோருக்குப் போனேன். லாட்டு பூராவையும், தள்ளின பீஸை வாங்குகிற செகண்ட்ஸ் வியாபாரி சனிக்கிழமையே லாரியில் ஏற்றிவிட்டாராம். டேப் ஒட்டும் மெஷின் வாடகைக்கு வந்தது, அதுவும் போய்விட்டது. பஞ்சர் ஒட்டுகிற பசையைத் தடவி, மேலே இஸ்திரிப் பெட்டி வைத்துப் பார்த்தேன். ஐந்து சொம்பு தாங்கிற்று. ஆறாவதில் விட்டுவிட்டது.

இருமல் எழுத மறந்தேன். இல்லை.

மார்ச் 18

இருமல்: காலையில் ஒன்பது. மத்தியானம் ஆறு. சாயங்காலம் எண்ணவில்லை. காய்ச்சல் நூறு.

நேற்று லீவு போட்டு, ஷூவைப் பழக்குகிறோம் என்று மூன்று பேரும் பக்கத்துக் கரட்டுக் குன்றில் ஏறப் போனார்கள். இங்கே சுள்ளென்று வெயில். உச்சியில் இருக்கும்போது கால் மணி நேரம் மழை அடித்திருக்கிறது. பைக் ரெயின்கோட்டு கீழே பைக்கிலேயே. மேலே கோட்டு எதற்கு, வெயில்தானே என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கால் மணி நேரம்தான். வந்ததிலிருந்து நெஞ்சுக்குள் ஓலைக் கூடையை இழுக்கிற சத்தம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. போகாதீங்க என்று சொன்னேன்.

"இந்த ஏழு மாசமா கட்டில், நாற்காலி, கட்டில். நா செத்துப் பொழச்சது இதுக்கா புள்ள? ஒருக்கா மேல போயிட்டு வந்தர்றன். அதான் நீ கோட்டு வெச்சிருக்கறயல்ல" என்றார்.

மார்ச் 20

இருமல்: ஐந்து. காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா மருந்து மாற்றிக் கொடுத்தார். போகலாம், ஆனால் இந்தத் தடவை போல நனைந்தால் என்னைத் தேடி வராதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22

இருமல்: இரண்டு.

கோட்டுகளின் கழுத்து லேபிள் தளர்ந்திருந்தது. இரண்டையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். எல் கோட்டின் தோளில் இருந்த அம்பை உரித்தேன். குப்பையில் போட மனமில்லாமல் இந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 23

இருமல்: ஒன்று.

நேற்று எழுதியது பொய். லேபிள் எதுவும் தளரவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பீஸைப் பற்றி நான் பொய் எழுதியதில்லை, அதனால் திருத்தி எழுதுகிறேன்.

எக்ஸ்எல் கோட்டின் லேபிளைப் பிரித்து அதில் எல் லேபிளைத் தைத்தேன். எல் கோட்டில் எக்ஸ்எல். ஒழுகாத கோட்டு இவருக்கு.

நேராகச் சொல்லியிருக்கலாமே என்றால், இவரை எனக்குத் தெரியாதா. ஒன்று ஒழுகும், ஒன்று ஒழுகாது என்று சொன்னால் அடுத்த வார்த்தை, "அப்ப நல்லத வேலுக்குக் குடு" என்பதுதான். போனஸ் நாளில் தன் வேட்டியைக்கூட எவனுக்கோ கொடுத்துவிட்டு வந்த ஆள். குழந்தைவேலண்ணனுக்கு என்ன, மாடு மாதிரி உடம்பு. நனைந்தால் ஒரு தும்மல் தும்முவார். தோளில்தானே ஒழுகுகிறது, அதுவும் பசை தடவியிருக்கிறேன், ஐந்து சொம்பு தாங்குகிறது. மழை வந்தால்தானே. வராமலும் போகலாம்.

கோட்டு எடுத்துவந்ததும் ஒழுகுகிறது என்றால் குழந்தைவேலண்ணன் என்ன நினைப்பார் என்பதும் ஒரு காரணம். நான் பார்த்த துணி என்று வாயால் சொல்லிவிட்டேன்.

கம்பெனித் தையல் ஓரத்தில் இரண்டு தரம் திரும்பும். நான் மூன்று தரம் திருப்பி அடிப்பேன். மெஷினில் உட்காரப் பழக்கின காலத்திலிருந்து அவர் கேலி செய்கிற பழக்கம் அது. "உனக்கு ஒண்ணுலயும் நம்பிக்கை வராது" என்பார். நேற்றும் கை தானாக மூன்று தரம் திருப்பிவிட்டது. நூல் சாம்பல் கிடைக்கவில்லை, கறுப்புப் போட்டேன். கழுத்துக்குள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்.

மார்ச் 25

இருமல்: இல்லை.

குழந்தைவேலண்ணன் கோட்டு போட்டுப் பார்க்க வந்தார். ஜிப்பை மேலே இழுக்கும்போது வயிற்றில் நின்றது. மூச்சைப் பிடித்து ஏற்றினார்.

"டைட்டா இருக்குதுங்களே அம்மணி" என்றார்.

"டைட்டா இருந்தாத்தானுங்கண்ணா குளுரு உள்ள போகாது" என்றேன்.

இவருக்குத் தோள் இறங்கி, கை விரலை மூடியது.

"எனக்கு லூசா இருக்குதே" என்றார்.

"லூசா இருந்தாத்தான உள்ள ஸ்வெட்டர் போட முடியும்" என்றேன்.

ஒரே நிமிஷத்தில் ஒரே வாயால் இரண்டையும் சொன்னேன். குழந்தைவேலண்ணன் சிரித்தார், வெளிநாட்டுக்காரன் அளவே இப்படித்தான் என்றார். இவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துப் பட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். 

மார்ச் 28

இருமல்: இல்லை.

பை கட்டினேன். பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக. பாலியஸ்டர் டீ ஷர்ட் இரண்டு, ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா, துண்டு, மருந்து, மாற்று உடுப்பு பிளாஸ்டிக் பையில். பருத்தி பனியன் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார், வெளியே எடுத்துப் போட்டேன். கோட்டை மேலாக, கை விட்டதும் வருகிற மாதிரி வைத்தேன்.

மத்தியானம் குழந்தைவேலண்ணன் சம்சாரம் மரகதம் போன் செய்தார். வைகாசியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். "கல்யாணத்த வெச்சுக்கிட்டு மலைக்கு எதுக்குன்னு சொன்னா கேக்க மாட்டீங்கறாருங்க. நீங்க நல்ல கோட்டு குடுத்துருக்கறீங்கன்னு சொன்னாரு, அதான் கொஞ்சம் தைரியமுங்க" என்றார். சரிங்க, சரிங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.  பசையை இன்னொரு தரம் தடவிக் கொடுத்திருக்கலாம். கோட்டு அவர்கள் வீட்டில் இருக்கிறது.

மார்ச் 29

விடியற்காலைப் பஸ்ஸில் போய்விட்டார்கள். இருமலை நான் எழுத வேண்டியதில்லை, அவரே எண்ணிச் சொல்வதாகச் சொன்னார்.

சாயங்காலம் நாலரைக்குப் போன். "இருமல் சைபர், எழுதிக்க. கடைசி ஊருக்கு வந்துட்டம். வெயிலு மண்டையப் பொளக்குது. நாளைக்குப் புல்வெளி ஏறி அந்தப் பக்கம் எறங்கணும், டவர் கெடைக்காது. வேலு சாக்ஸ தொவைக்காமக் கொண்டாந்துருக்கறான், அதுதான் பெரிய ஆபத்து" என்றார். குரல் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த குரல்.

கோட்டு போட்டீங்களா என்றேன்.

"வெயில்ல கோட்டா? பைலதான் இருக்குது" என்றார்.

மார்ச் 30

போன் இல்லை. டவர் கிடைக்காது என்றுதான் சொன்னார்.

மத்தியானம் இங்கே புழுக்கம், ஃபேன் காற்றே சுட்டது. மூன்று மணிக்கு மேல் தெற்கே வானம் ஈயச் சட்டி நிறத்துக்கு மாறியது. டீ நேரத்தில் கம்பெனி மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். லைனில் ஒருத்தி, "மலைல நல்லாப் புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்கக்கா, நமக்கும் வந்தாத் தேவல" என்றாள். வர வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அவரிடம் நல்ல கோட்டு இருக்கிறது. எழுதிப் பார்த்தால் மனசு அடங்குமென்று எழுதுகிறேன். அவரிடம் நல்ல கோட்டு இருக்கிறது.

நனைகிறவர் குழந்தைவேலண்ணன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 31

பத்து மணிக்கு வாத்தியார் போன் செய்தார். செக்கிங் மேசையில் நின்றபடியே பேசினேன்.

நேற்று புல்வெளி நடுவில் பிடித்துக்கொண்டதாம். முதலில் ஆலங்கட்டி, பிறகு நாலு மணி நேரம் மழையும் காற்றும். ஒதுங்க மரம்கூடக் கிடையாது. ஒரு பாறைச் சரிவில் ஒண்டியிருக்கிறார்கள். இறங்கும்போது இவருக்குக் கால் நிற்கவில்லை, பேச்சு குழறியது. குழந்தைவேலண்ணன் இவரை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். காலையில் ஜீப் பிடித்து கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"குழந்தைவேலண்ணனுக்கு எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"அவனுக்கு ஒண்ணுமில்லம்மா. உள்ள ஒரு சொட்டு நனையல. நடேசன்தான் தோளெல்லாம், நெஞ்செல்லாம் ஊறிப்போயிட்டாரு" என்றார்.

வாத்தியார் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன்.

ஏப்ரல் 1

ஆஸ்பத்திரி. இருமல் எண்ண முடியவில்லை. காய்ச்சல் நூற்று மூன்று. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர்.

அவருடைய பையைப் பிரித்துப் பார்த்தேன். கோட்டு ஈரம் காயாமல் சுருட்டி இருந்தது. கழுத்தில் எக்ஸ்எல் என்று இருக்கிறது, கறுப்பு நூல். மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இவருக்கு லூஸ், அவருக்கு டைட், மாற்றிக்கொண்டார்கள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அளவு சரியில்லாத சட்டையை யார் போட்டுக்கொண்டு மலை ஏறுவார்கள். பத்தொன்பது வருஷம் அளவு டேப்போடு நின்றவளுக்கு இது தோன்றவில்லை.

வலது தோளில் டேப் பூராவும் கழன்று தொங்குகிறது.

ஏப்ரல் 3

கண் திறந்தார். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். காதை வைத்துக் கேட்டேன்.

"மூணு தரம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "துளசி… மூணு தரம்" என்றார். சிரிக்கிற மாதிரி இருந்தது.

என்ன சொல்றார் என்று நர்ஸ் கேட்டாள். மாத்திரையை எண்ணுகிறார் என்றேன்.

ஏப்ரல் 6

காலை ஆறு இருபதுக்கு அவர் போய்விட்டார்.

இருமல்: இல்லை.

ஏப்ரல் 25

காரியம் எல்லாம் முடிந்து, அதற்காக வந்திருந்த எங்கள் மகளும் நேற்று பெங்களூர் போய்விட்டாள். இன்று காலை பத்து மணிக்குக் குழந்தைவேலண்ணன் வந்தார். கையில் கோட்டு, துவைத்து இஸ்திரி போட்டு மடித்தது. பாதி உடம்பாகியிருந்தார். காபி கொடுத்தேன்.

"உங்ககட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க அம்மணி. அவரு சொல்ல வேண்டாம்னாரு. சொல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குது" என்றார்.

சொல்லுங்க என்றேன்.

"கோட்டு லேபிள் மாறியிருந்துச்சுங்க. பஸ்ஸு தாராபுரம்கூடத் தாண்டல. அவரே எடுத்து, 'வேலு, இதுதான் உன்னுது. லேபிளு மாறிப்போச்சு. இது எனக்கு'ன்னு என்னுத வாங்கிக்கிட்டாரு. 'துளசிகட்டச் சொல்லீராத. இத்தன வருசத்துல ஒரு தப்பு விட்டதில்ல அவ. மனசு கஷ்டப்படுவா'ன்னாரு. கழுத்துத் தையலத் தடவித் தடவிச் சிரிச்சாருங்க. எதுக்குச் சிரிச்சாருன்னு எனக்கு வெளங்கல."

காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மழ புடிச்சப்ப நாலு தரம் கேட்டனுங்க, உனக்கு நனையுதான்னு. இல்லவே இல்லன்னாரு. பல்லு தந்தியடிக்குது, இல்லைங்கறாரு. நா போட்டிருந்ததுல ஒரு சொட்டு எறங்கலீங்க. அவரோடது மட்டும் ஏனுங்க அம்மணி அப்படி ஒழுகுச்சு? ரெண்டுமே நீங்க பாத்ததுதான?"

அந்தக் கேள்விக்கு ஆமாம், என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அவரும் நம்பியிருப்பார். வாய்வரைக்கும் வந்தது.

உள்ளே போய் இந்த டைரியை எடுத்துவந்தேன். மார்ச் இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து, அம்பைக் காட்டினேன். பாத்ரூமில் தண்ணீர் ஊற்றியதிலிருந்து லேபிள் மாற்றியது வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். தையலில் மூன்று தரம் திருப்புகிற பழக்கத்தையும் சொன்னேன். அழாமல் சொன்னேன். அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அது நியாயமில்லை.

குழந்தைவேலண்ணன் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை படிந்தது.

"அப்ப அது எனக்கு வெச்சதுங்களா, அம்மணி" என்றார்.

"ஆமாங்கண்ணா" என்றேன்.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. தெரிஞ்சேதான் மாத்திக்கிட்டிருக்காரு" என்றார்.

கோட்டு நாற்காலியிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 26

எழுத ஒன்றும் இல்லை. அவர் கோட்டின் வலது தோளிலும் கழுத்துத் தையலிலும் மாறி மாறிக் கை போகிறது. நாற்காலியில் இருந்த கோட்டின் லேபிளைப் பிரித்து எக்ஸ்எல்லைத் திரும்ப வைத்துத் தைத்தேன். ஓரத்தில் இரண்டு தரம் மட்டும் திருப்ப நினைத்தேன். முடியவில்லை.

ஏப்ரல் 27

கோட்டை எடுத்துக்கொண்டு குழந்தைவேலண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மரகதம் வாசலில் நின்றார். குழந்தைவேலண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. கோட்டோடு திரும்பி வந்துவிட்டேன். கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிக் கிடந்தது.

ஏப்ரல் 28

வேலைக்குப் போனேன். மானேஜர் வேண்டுமானால் இன்னும் ஒரு வாரம் லீவு எடுங்கள் என்றார். வேண்டாம் என்றேன்.

புது லாட்டு வந்திருக்கிறது, சின்னக் குழந்தைகளுக்கான சட்டை. மத்தியானத்துக்குள் நாலு கட்டு பார்த்து முடித்தேன். பேக்கிங்கில் இருக்கிற பெண் வந்து, ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் தூக்கினாள்.

"பாக்காமயே எடுக்கற" என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கல்லக்கா" என்றாள்.

நாலு கட்டையும் திரும்ப மேசையில் வைக்கச் சொன்னேன். இன்னொருத்தியைக் கூப்பிட்டு, நான் பார்த்ததை முதலிலிருந்து பார் என்றேன். அவள் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

மூன்றாவது கட்டில் ஒரு சட்டையை எடுத்து, எனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தயங்கி, கழுத்துப் பக்கம் ஒரு அம்பு ஒட்டினாள்.

ஒட்டினது சரி என்றேன்.